அண்ணையின் முதுகும் என் சிலிக்கன் தூளும்

அண்ணையின் கால்கள் மரத்துப்போன செய்தி வந்தபோது, நான் விரல் நீளக் குப்பி ஒன்றுக்குள் தவிட்டு நிறத் தூளை நிறைத்துக்கொண்டிருந்தேன். கையுறையோடு தொலைபேசியைத் தொடக்கூடாது என்பது எங்கள் ஆய்வுகூடத்தின் விதி. மூன்றாவது தடவையும் மணி அடித்தபோது கையுறையைக் கழற்றினேன். அழைத்தவர் அண்ணையின் மனைவி, என் மச்சாள். வேலை நேரத்தில் காரணமில்லாமல் அழைக்கிறவர் அல்ல.

“வள்ளத்தாலை இறங்க ஏலாமல் கிடந்தவர். தூக்கித்தான் இறக்கினவை,” என்றார். “ரெண்டு காலும் தன்ரை இல்லை, வேறை ஆற்றையோ கால் மாதிரி இருக்காம். நீர் உதுகள் படிச்சனீர் தானே, என்ன செய்யிறது?”

நான் படித்தது அதல்ல. ஆனாலும் என்ன நடந்திருக்கும் என்று உடனே விளங்கிவிட்டது.

அண்ணை ஊர்காவற்துறையில் சுழியோடி. எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக ஆண்கள் கடலுக்குப் போகிறவர்கள். வலையோடு நின்றுவிடாமல் கடலின் அடிக்கும் போனவர் அண்ணை ஒருவர்தான். முதுகில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு நெடுந்தீவுக்கு அப்பால் கடலட்டை பொறுக்கப் போவார். அன்றைக்கு அடியில் அட்டை நிறையக் கிடந்திருக்கிறது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று நின்றிருக்கிறார். காற்று முடியப்போவது தெரிந்ததும் ஒரே மூச்சில் மேலே வந்திருக்கிறார். ஆழத்தில் இரத்தத்துக்குள் கரைந்திருக்கும் காற்று, அப்படிக் கெதியாய் வந்தால், சோடாப் போத்தலைத் திறந்தது போலக் குமிழியாகிவிடும். ஒரு குமிழி முள்ளந்தண்டு நரம்பில் போய் நின்றால் அதற்குக் கீழே உள்ளதெல்லாம் அந்நியமாகிவிடும்.

நல்லவேளை, அவரோடு போனவர்கள் நேரத்தைக் கடத்தவில்லை. தூரத்தில், அந்தக் குமிழிகளை மறுபடி கரையவைக்கும் அழுத்த அறை சுழியோடிகளுக்கென்று உள்ள இடத்துக்குக் கொண்டுபோனார்கள். அதற்குள் சில நாட்கள் வைத்து எடுத்தபிறகு எழுந்து நின்றார். ஆனால் இடது கால் இழுபட்டது. அந்தக் காலுக்குச் சூடும் தெரியவில்லை, குளிரும் தெரியவில்லை. முதுகை எம்.ஆர்.ஐ எடுத்துப் பார்க்கவேண்டும் என்று வைத்தியர் எழுதிக் கொடுத்தார். வெளிநாட்டில் இருந்த தங்கை நான் விடுமுறை கேட்டேன்.

நான் வேலை செய்வதும் எம்.ஆர்.ஐ இயந்திரத்தோடுதான். ஆனால் நோயாளிகளோடு அல்ல, அந்தத் தூளோடு. அது சிலிக்கன். மணலில் ஒட்சிசனோடு சேர்ந்து கிடக்கிறதே, அதே சிலிக்கன். கைத்தொலைபேசிக்குள் இருப்பதும் அதுதான். நாங்கள் எடுப்பது அதன் நானோ துணிக்கைகளை. ஒரு தலைமயிரின் குறுக்கே நூற்றுக்கணக்கில் வரிசையாக நிற்கக்கூடிய அளவு சிறியவை.

எம்.ஆர்.ஐ இயந்திரம் ஒரு பெரிய காந்தம். நம் உடம்பின் தண்ணீரில் உள்ள ஐதரசன் கருக்கள் ஒவ்வொன்றும் மிகச் சிறிய காந்தங்கள். பெரிய காந்தத்துக்குள் போனதும் எல்லாம் ஒரே திசையில் நிமிர்ந்து நிற்கும் என்றுதான் படிக்கத் தொடங்கிய காலத்தில் நானும் நினைத்தேன். அப்படி இல்லை. ஏறக்குறையப் பாதி மேலே பார்த்தும் பாதி கீழே பார்த்தும் நின்று ஒன்றை ஒன்று இல்லாமல் செய்துவிடும். பத்து இலட்சத்தில் விரல்விட்டு எண்ணக்கூடியவைதான் மிச்சம். அந்தச் சிறிய மிச்சத்தைக் கேட்டுத்தான் இயந்திரம் படம் வரைகிறது. உடம்பில் தண்ணீர் ஏராளமாக இருப்பதால் அது போதுமாகிறது.

சிலிக்கனுக்கு அது போதாது. அதன் அணுக்களில் இருபதில் ஒன்றுக்குத்தான் இந்தக் காந்தக் குணமே உண்டு. ஆகவே நாங்கள் அவற்றை முன்கூட்டியே நிமிர்த்திக்கொள்கிறோம். ஈலியம் திரவமாகிவிடும் அந்தக் கடும் குளிரில், ஒரு காந்தத்துக்குள் தூளை வைத்து, நுண்ணலைகளைப் பல மணித்தியாலம் செலுத்துவோம். துணிக்கையின் தோலில் சோடியில்லாமல் தனித்து நிற்கும் இலத்திரன்கள் சில உண்டு. குளிரில் முதலில் அவை நிமிரும். நுண்ணலை அந்த ஒழுங்கை அருகில் இருக்கும் சிலிக்கன் கருவுக்கு மாற்றும். அது தன் பக்கத்தில் இருப்பதற்குக் கொடுக்கும். அப்படியே கைமாறிக் கைமாறித் துணிக்கையின் நடுவரைக்கும் போய்ச் சேரும். ஆயிரக்கணக்கான மடங்கு பெரிதான சமிக்ஞை அதற்குப் பிறகு கிடைக்கும். அந்தத் தூள் உடம்புக்குள் போனால், எம்.ஆர்.ஐ படத்தில் அது நிற்கும் இடம் மட்டும் பளிச்சென்று தெரியும். உடம்பில் வேறு சிலிக்கன் அநேகமாக இல்லை என்பதால் பின்னணி முழுக்க இருட்டு.

என்னை இன்றைக்கும் திகைக்க வைப்பது இதற்குப் பிறகு நடப்பதுதான். குளிருக்குள்ளிருந்து வெளியே எடுத்து, அறைச் சூட்டுக்கு வந்து, உடம்பின் சூட்டுக்குள் போனாலும் அந்த ஒழுங்கு உடனே கலையாது. இதேபோல் நிமிர்த்திய வேறு மருந்துகள் ஓரிரு நிமிடத்துக்குள் அடங்கிவிடும். சிலிக்கன் அரை மணித்தியாலம் கடந்தும் நிற்கும். காரணம் அந்த இருபதில் ஒன்று என்ற கணக்கேதான். காந்தக் குணமுள்ள அணுக்கள் ஒன்றுக்கொன்று தூரத்தில் இருக்கின்றன. ஒன்றையொன்று அதிகம் குழப்புவதில்லை. மெதுவாக வாங்கியதை மெதுவாகத்தான் விடுகின்றன. முதல்முறை இதை என் கையால் அளந்த நாளில் கருவி பிழைவிடுகிறது என்று நினைத்து, எல்லாவற்றையும் கழற்றிப் பூட்டி மறுபடியும் அளந்தேன். அதே விடைதான் வந்தது.

நான் ஊருக்குப் புறப்பட்ட மாதத்தில்தான் எங்கள் துணிக்கைகளை முதன்முதலாக ஓர் உயிருக்குள் பார்க்க நாள் குறித்திருந்தோம். மயக்கத்தில் இருக்கும் ஒரு சுண்டெலியின் வயிற்றுக்குள். மாதக்கணக்கில் காத்திருந்து கிடைத்த நாள், அதை மாற்ற முடியாது. என்னோடு வேலை செய்யும் தோழி, என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அதிகம் பேசாதவர். தூளைத் தயாரித்து வைத்துவிட்டுப் போ, மிச்சத்தை நான் செய்கிறேன், உனக்கு நேரடியாகக் காட்டுகிறேன் என்றார். குப்பிகளை அடுக்கி, ஒவ்வொன்றிலும் குறிப்பு ஒட்டிவிட்டு விமானம் ஏறினேன்.

அண்ணை வாசலில் தடியை ஊன்றிக்கொண்டு நின்றார். மெலிந்திருந்தார். கட்டிப்பிடித்தபோது அவருடைய பாரத்தின் ஒரு பக்கம் முழுக்க என்மேல் சாய்ந்தது. அவர் அதை உணரவில்லை என்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது. எங்களுக்கு அம்மாவும் அப்பாவும் இல்லை. வீட்டில் அண்ணையும் மச்சாளும் மட்டும்தான். மச்சாள் மாதாவுக்கு நேர்ந்திருந்தார். என்ன நேர்த்தி என்று நான் கேட்கவில்லை.

இரண்டு நாள் கழித்து ஓட்டோவில் யாழ்ப்பாணம் போனோம். எம்.ஆர்.ஐ அறைக்கு முன்னால் ஒரு படிவம் நிரப்பவேண்டும். படம் எடுக்கும் பெண் இளவயது, மென்மையாகப் பேசுகிறவர். ஒவ்வொரு கேள்வியாக வாசித்து, பதிலைத் தானே எழுதினார். உடம்புக்குள் ஏதாவது உலோகம் இருக்கிறதா என்று கேட்டார்.

“ஓம், இருக்கு,” என்றார் அண்ணை. “முதுகிலை, வலப்பக்கம். ஷெல் துண்டு. சின்ன வயசிலை.”

அந்தப் பெண் வியப்புக் காட்டவில்லை. இந்தப் பக்கத்தில் அந்தக் கேள்விக்கு அப்படிப் பதில் சொல்கிறவர்கள் குறைவில்லை என்பது அவர் பேனாவைப் பிடித்திருந்த விதத்திலேயே தெரிந்தது. நான்தான் திரும்பி அண்ணையின் முதுகைப் பார்த்தேன். அந்தத் துண்டை நான் மறந்தே போயிருந்தேன். அண்ணைக்கு ஒன்பது வயது, எனக்கு நாலு. சண்டைக் காலத்தில் இடம்பெயர்ந்து போன வழியில் எறிகணை வெடித்துப் பட்டது. எடுக்கத் தேவையில்லை என்று அப்போது விட்டுவிட்டார்கள். பிறகு அதைப்பற்றி வீட்டில் யாரும் கதைத்ததில்லை. எங்கள் ஆய்வுகூடத்தில் ஒருமுறை ஒருவருடைய சட்டைப் பையிலிருந்து ஒரு சிறு திருகுச்சாவி கிளம்பிப் பறந்துபோய்க் காந்தத்தின் வாயில் ஒட்டிக்கொண்டது. அந்தச் சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. காந்தம் என்ன செய்யும் என்று தெரிந்தவளாக நான் அறைக்கு முன்னால் கிடந்த மர வாங்கில் உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் தெரியாதவளாக இருந்திருக்கலாம் என்று நினைத்தேன்.

முதலில் எக்ஸ்ரே எடுத்துவரச் சொன்னார்கள். படங்களை வாசிக்கும் வைத்தியர் அதை விளக்கு வெளிச்சத்தில் நீண்ட நேரம் பார்த்தார். நெல்மணி அளவு. தசைக்குள் நிற்கிறது. முள்ளந்தண்டுக்குத் தள்ளி, நுரையீரலுக்கு வெளியே. முப்பது வருடத்துக்கு மேலாக உடம்பு அதைச் சுற்றித் தன் சதையால் மூடி வைத்திருக்கும், அது அசையாது என்று தான் நம்புவதாகச் சொன்னார். ஆனால் நம்புகிறேன் என்றுதான் சொல்கிறேன் என்றும் சொன்னார். அண்ணையின் கையில் ஒரு இறப்பர்ப் பந்தைக் கொடுத்து, சூடாக இருந்தாலோ இழுப்பது போல இருந்தாலோ அதை அமுக்கும்படி சொன்னார்கள்.

கதவு மூடியது. உள்ளே அந்த இடிக்கும் சத்தம் தொடங்கியது. எனக்கு நன்கு பழகிய சத்தம். ஒவ்வொரு தாளத்துக்கும் என்ன வகைப் படம் எடுக்கப்படுகிறது என்று என்னால் சொல்ல முடியும். அன்றைக்கு அதெல்லாம் ஒன்றும் ஓடவில்லை. அந்தப் பந்தை அமுக்கினால் அடிக்கும் மணி கேட்கிறதா என்று மட்டும் காது கொடுத்துக்கொண்டிருந்தேன். மச்சாள் என் பக்கத்தில் செபமாலையை உருட்டிக்கொண்டிருந்தார். நடுவில் ஊசி மருந்து ஏற்றி மறுபடியும் எடுத்தார்கள். பந்து அமுக்கப்படவே இல்லை.

வெளியே வந்தபோது அந்தப் பெண் மச்சாளிடம் சொன்னார்: “இப்பிடி அசையாமல் கிடந்த ஒருத்தரை நான் இன்னும் காணேல்லை.”

அண்ணை சிரித்தார். கடலுக்கடியில் நின்று பழகியவருக்கு அது ஒன்றும் பெரிய காரியமில்லை என்றார். சத்தம் கூடின இடம் என்பதைத் தவிர வித்தியாசம் இல்லையாம். மூச்சை எண்ணிக்கொண்டு கிடந்தாராம். துண்டு ஏதாவது செய்ததா என்று கேட்டேன். ஒருதரம் ஒரு எறும்பு ஊர்ந்ததுபோல இருந்தது, அதுவும் என் நினைப்பாக இருக்கலாம் என்றார்.

நான் இன்ன வேலை செய்கிறவள் என்று தெரிந்ததும் வைத்தியர் என்னைத் திரைக்கு முன்னால் கூப்பிட்டார். அண்ணையின் முதுகு அங்கே கறுப்பு வெள்ளையில் நின்றது. முள்ளெலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. நடுவால் சாம்பல் நிறத்தில் நரம்பு இறங்கியது. அதில் ஓரிடத்தில் மட்டும், இடப்பக்கமாக, வெள்ளையாக ஒரு சிறு கீறல். குமிழி நின்ற இடம். வைத்தியர் அடுத்த படத்துக்கு நகர்த்தினார். முதுகின் வலப்பக்கத்தில் ஒரு பெரிய கறுப்புக் குழி தெரிந்தது. நெல்மணி அளவுத் துண்டு, தன்னைச் சுற்றியுள்ள காந்தப்புலத்தைக் குழப்பி, எலுமிச்சங்காய் அளவுக்குப் படத்தை அழித்திருந்தது. அந்த இடத்தில் எலும்பும் இல்லை, தசையும் இல்லை, அண்ணையும் இல்லை. நான் ஆயிரக்கணக்கான எம்.ஆர்.ஐ படங்கள் பார்த்தவள். அந்த ஒன்றை மட்டும் திரையில் விரலால் தொட்டுப் பார்த்தேன்.

நரம்பு அறவில்லை, காயப்பட்டுத்தான் இருக்கிறது என்றார் வைத்தியர். எவ்வளவு திரும்பி வரும் என்று இப்போது சொல்ல ஏலாது. ஆழத்துக்குப் போவதை இதோடு விட்டுவிட வேண்டும். அண்ணை தலையை ஆட்டினார்.

திரும்பி வருகையில் ஓட்டோ பண்ணைப் பாலத்தையும் வேலணையையும் கடந்தது. சரவணையைத் தாண்டிய பிறகு, ஏற்றின ஊசியில் என்ன இருந்தது என்று அண்ணை கேட்டார். அது தண்ணீரின் படத்தைச் சில இடங்களில் இன்னும் வெள்ளையாக்கும் ஒரு உலோக மருந்து என்று சொன்னேன். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அதை யோசித்துத்தான் ஏற்றவேண்டும் என்றும் சொன்னேன். பிறகு, கேட்காமலே, என் தூளைப்பற்றிச் சொல்லத் தொடங்கினேன். இத்தனை வருடத்தில் என் வேலையை அவருக்கு நான் ஒழுங்காக விளங்கப்படுத்தியதே இல்லை. அவர் கேட்டதும் இல்லை. தங்கச்சி காந்தத்தோடு ஏதோ செய்கிறாள் என்பதே அவருக்குப் போதுமாக இருந்தது.

“குளிராக்கி வைச்சு, வெளியிலை எடுத்து, அது அடங்கிறதுக்குள்ளை ஓடவேணும். ஐஸ் போட்ட மீனைத் துறையாலை கொண்டுபோற மாதிரி,” என்றார்.

ஓம் என்றேன். ஆனால் ஐஸ் கரைவது சூட்டினால். இதற்குச் சூடு ஒரு பொருட்டே இல்லை என்றேன். அது அவரை யோசிக்க வைத்தது. சூடு தொடாத ஐஸ் என்று ஒன்று இருக்கமுடியுமா என்று தனக்குள்ளேயே கேட்டுக்கொண்டார். வீடு வந்து சேரும்வரை அதே யோசனை.

மச்சாளின் கேள்விகள் வேறு வகை. சோறு பரிமாறிக்கொண்டே, உள்ளே போன மண் பிறகு எங்கே போகும் என்று கேட்டார். அது மெல்ல மெல்லக் கரைந்து சிறுநீரோடு போய்விடும் என்று நாங்கள் எதிர்பார்க்கிறோம், ஆனால் எவ்வளவு நாளில், எந்த உறுப்பில் எவ்வளவு தங்கும் என்பதையெல்லாம் இன்னும் கவனமாகப் பார்க்கவேண்டும் என்றேன். மனிதருக்குக் கொடுத்துப் பார்த்தீர்களா என்றார். இல்லை. எப்போது கொடுப்பீர்கள் என்றார். தெரியாது. இவ்வளவு வருடம் படித்தும் தெரியாதா என்று அவர் கேட்கவில்லை. இன்னொரு அகப்பை சோறு போட்டார்.

பரிசோதனை நாள் ஒரு செவ்வாய்க்கிழமை. எங்களுக்குப் பின்னேரம், அங்கே காலை. வீட்டுக்குள் கவரேஜ் வீடியோவுக்குப் போதாது. துறைமுகப் பக்கம் போனால் நன்றாக இருக்கும் என்று மச்சாள் சொன்னார். நான் தனியாகப் போவதாகத்தான் இருந்தது. அண்ணை தடியை எடுத்துக்கொண்டு தானும் வருவதாகச் சொன்னார். அவ்வளவு தூரம் அவர் இன்னும் நடந்ததில்லை. நின்று நின்று போனோம். வாகனங்களை ஏற்றிக்கொண்டு காரைநகருக்குப் போய்வரும் மிதவையை எங்கள் ஆட்கள் பாதை என்பார்கள். அந்தப் பாதை கட்டும் இடத்துக்குத் தள்ளி ஒரு சீமெந்துக் கட்டின்மேல் உட்கார்ந்தோம். எதிரே கடற்கோட்டை வெயிலில் நின்றது.

அழைப்பு வந்தது. என் தோழி முகத்தைக் காட்டவில்லை, நேரே வேலையைத்தான் காட்டினார். குளிரூட்டியிலிருந்து குப்பி வெளியே வந்தது. வெண்புகை கொட்டியது. குப்பியை ஒரு சிறு காந்தத்துக்குள் வைத்தபடியே அவர் நடைவழியில் ஓடினார். படம் குலுங்கியது, காலடிச் சத்தம் மட்டும் கேட்டது. அண்ணை முன்னுக்குச் சாய்ந்து, தானே ஓடுவதுபோல மூச்சுவிட்டார். தூளை உப்புநீரில் கலந்து மெல்லிய குழாயால் எலியின் வயிற்றுக்குள் விட்டார்கள். முதலில் வழக்கமான தண்ணீர்ப் படம் திரையில் வந்தது. சாம்பல் நிறத்தில் சுண்டெலியின் உருவம், மடங்கிக் கிடந்தது. இனி சிலிக்கன் என்றார் தோழி.

அந்த நேரம் பார்த்து இணைப்பு அறுந்தது.

மறுபடி அழைத்தேன். போகவில்லை. எழுந்து கட்டின் அந்தப் பக்கம் போனேன், இந்தப் பக்கம் வந்தேன். ஒரு நிமிடம், மூன்று நிமிடம். பாதை வந்து ஆட்களை இறக்கிவிட்டு மறுபடி புறப்பட்டுப் போயிற்று. ஏழு, எட்டு. நான் அழுதுவிடுவேன் போலிருந்தது. இவ்வளவு வருட வேலையில் அந்த ஒரு காட்சியைத்தான் நான் என் கண்ணால் பார்க்க ஆசைப்பட்டேன்.

“இரு பிள்ளை,” என்றார் அண்ணை. “அரை மணித்தியாலம் நிக்கும் எண்டு நீதானே சொன்னனி.”

நான் இருந்தேன். பத்து நிமிடத்துக்கு மேல் போயிருக்கும், தொலைபேசி அதிர்ந்தது. தோழி வந்தார். கேட்கிறதா என்று மட்டும் கேட்டு, ஒரு பொத்தானை அமுக்கினார். திரை முழுக்கக் கறுப்பு. பிறகு அந்தக் கறுப்பின் நடுவில் ஒரு வெளிச்சம் வந்தது. வளைந்த சிறு அரிசி போல. எலியும் இல்லை, எலும்பும் இல்லை, எங்கள் தூள் மட்டும். அவர் தண்ணீர்ப் படத்தை அதன்மேல் வைத்தபோது வெளிச்சம் மிகச் சரியாக எலியின் வயிற்றுக்குள் போய் அமர்ந்தது.

“இன்னும் இருக்கோ?” என்றார் அண்ணை.

“ஓம். இன்னும் இருக்கு.”

அந்த ஒளி குளிருக்குள் ஏற்றப்பட்டது. அந்தக் குளிரை விட்டு, நடைவழியால் ஓடி, உப்புநீரில் கலந்து, ஓர் உயிரின் சூட்டுக்குள் போய், நான் இங்கே பாதை வந்துபோவதைப் பார்த்து நின்ற நேரம் முழுக்கவும் கலையாமல் நின்றிருக்கிறது. இது இப்படித்தான் நடக்கும் என்று எனக்குக் கணக்கில் தெரியும். ஆனால் கணக்கில் தெரிந்திருப்பது வேறு.

தோழி வழக்கத்துக்கு மாறாகக் கொஞ்சம் பேசினார். இணைப்பு அறுந்தபிறகு ஒரு படமும் எடுக்கவில்லை என்றார். எடுத்தால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் குறைந்துவிடும், நீ இல்லாமல் அதைச் செலவழிக்க மனமில்லை, எப்படியும் தாமதித்து எடுத்த ஒரு அளவீடு எங்களுக்குத் தேவைதானே என்றார். நான் அதை அண்ணைக்குத் தமிழில் சொன்னேன். எம்.ஆர்.ஐயில் பார்ப்பதென்றால் நிமிர்ந்து நிற்கும் கருக்களில் கொஞ்சத்தைச் சாய்த்துத்தான் பார்க்கவேண்டும். சாய்ந்தவை சாய்ந்தவைதான், திரும்ப நிமிர மாட்டா.

அண்ணை தடியை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். “அப்ப பாக்கிறதிலையும் ஒரு செலவு இருக்கு,” என்றார்.

“ஓம்.”

“பாக்காமல் விட்டால் இன்னும் கொஞ்சம் நிண்டிருக்கும்.”

“நிண்டிருக்கும். ஆனா இருந்ததெண்டு ஒருத்தருக்கும் தெரியாது.”

அவர் தலையை ஆட்டினார். முடியும்வரை பார்ப்போம் என்றார். தோழி இடைவெளி விட்டு விட்டுப் படம் எடுத்தார். வெளிச்சம் வயிற்றிலிருந்து குடலுக்குள் நகர்ந்தது. ஒவ்வொரு படத்திலும் கொஞ்சம் மங்கியது. கடைசிப் படத்தில் அது ஒளியா திரையின் இரைச்சலா என்று என்னால் சொல்ல முடியவில்லை. அண்ணைக்குத் தெரிந்தது. கலங்கின தண்ணீருக்குள் பார்த்துப் பழகிய கண். அந்தா, அதிலே இருக்கிறது என்று விரலால் தொட்டுக் காட்டினார். பிறகு தோழி தன் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு, ஓம், இருந்தது என்றார். அதற்கடுத்த படத்தில் இல்லை.

வீட்டுக்குப் போனதும் மச்சாள் கேட்ட முதல் கேள்வி, எலிக்கு என்ன நடந்தது என்பது. மயக்கம் தெளிந்து எழும்பி, கூட்டுக்குள் தன் சாப்பாட்டைத் தேடிப் போனது என்றேன். அப்ப நல்லது என்றுவிட்டுக் குசினிக்குள் போனார்.

நான் இன்னும் மூன்று வாரம் நின்றேன். அண்ணை ஒவ்வொரு நாளும் துறைமுகம்வரை நடந்தார். ஒரு காலைவேளை, கரையில் முழங்கால் தண்ணீரில் நின்றவர் என்னைக் கூப்பிட்டார். இடது பாதத்தில் தண்ணீர் குளிர்கிறது என்று, யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோலச் சொன்னார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அதிலேயே நின்றோம்.

அடுத்த வருடம் மறுபடி எம்.ஆர்.ஐ எடுத்தார்கள். படத்தை மச்சாள் தொலைபேசியில் எனக்கு அனுப்பினார். நரம்பில் இருந்த வெள்ளைக் கீறல் பாதியாகச் சுருங்கியிருந்தது. ஷெல் துண்டின் கறுப்பு அப்படியே இருந்தது. இவ்வளவு திரும்பி வரும் என்று தானும் எதிர்பார்க்கவில்லை என்று வைத்தியர் சொன்னாராம். நான் அந்தப் படத்தைத் தோழிக்குக் காட்டினேன். அவர் கதிரையை இழுத்துப்போட்டு அமர்ந்து, வேலையை விட்டுவிட்டு, நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் இருவரும் காந்தத்தைப்பற்றி நிறையத் தெரிந்தவர்கள். ஒரு நரம்பு எப்படித் தன் வழியைத் தானே திரும்பக் கண்டுபிடிக்கிறது என்பது எங்கள் இருவருக்கும் தெரியாது.

அண்ணை இப்போது ஆழத்துக்குப் போவதில்லை. கரையோடு சேர்ந்த கடலட்டைப் பண்ணையில், இடுப்பளவு தண்ணீரில், வேலி பார்க்கிறார். எங்கள் தூள் இன்னும் மனிதருக்குள் போகவில்லை. போவதற்கு எத்தனையோ கேள்விகளுக்குப் பதில் வேண்டும், அதில் மச்சாள் கேட்டதும் ஒன்று. போனமாதம் துணிக்கைகளைக் கொஞ்சம் மாற்றிச் செய்து பார்த்தபோது, ஒளி முன்னைவிடச் சில நிமிடம் கூட நின்றது. அன்றைக்கே ஊருக்கு அழைத்துச் சொன்னேன். எத்தனை நிமிடம் என்று அண்ணை திருத்தமாகக் கேட்டார். சொன்னேன். மறுமுனையில் தண்ணீர் அலம்பும் ஒலி கேட்டது. பிறகு பண்ணையில் பக்கத்தில் நின்ற யாருக்கோ அந்த நிமிடக் கணக்கை அவர் சத்தமாகச் சொல்வது கேட்டது.